கையால உடைக்கலாம், கையால எடுக்கலாம்: வான்கூவரில் நண்டும் சூஷியும்

கோடை லீவு நெருங்கினாலே டொராண்டோவிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் எனக்கு ஒரே மாதிரி மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். "வான்கூவர் வர்றோம். நண்டு எங்க நல்லா இருக்கும்? பசங்க சூஷிதான் வேணும்ங்கிறாங்க. அம்மாவும் கூட வர்றாங்க, அவங்க பச்சை மீனைப் பார்த்தாலே எழுந்து போயிடுவாங்க. என்ன பண்றது?"

நம்மில் பலருக்கு இதுதான் நிலைமை. நடுவில் நாம். ஒரு பக்கம், நண்டு என்றால் குழம்பு மட்டும்தான் என்று நினைக்கும் அம்மா. இன்னொரு பக்கம், பிறந்தநாளுக்குக்கூட கலிஃபோர்னியா ரோல் கேட்கும் எட்டு வயசு வாண்டு. மூன்று பேரும் ஒரே மேஜையில் சந்தோஷமா சாப்பிட முடியுமா? வான்கூவரில் முடியும். எங்கே, எப்படி என்று இந்த மாதம் பார்ப்போம்.

முதலில் ரிச்மண்ட்

இந்தக் கடற்கரையின் நண்டுக்கு டன்ஜனஸ் என்று பெயர். நம்ம ஊர் நீலக்கால் நண்டைவிடப் பெரிசு. ஓடு செம்பழுப்பு நிறம், சதையில் ஒரு இனிப்பு இருக்கும். இங்கே பிடித்து விற்பது ஆண் நண்டு மட்டும்தான். அதுவும் ஓட்டின் அகலம் 165 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. திருப்பிப் போட்டு வயிற்றுப் பக்கத்து மடலைப் பாருங்கள். ஒல்லியாக இருந்தால் ஆண், அகலமாக விரிந்திருந்தால் பெண். பிள்ளைகளிடம் இதை ஒருமுறை காட்டினால் போதும், அப்புறம் ஒவ்வொரு தொட்டியிலும் அவர்களே சோதனை போடுவார்கள்.

தொட்டி என்றதும் ரிச்மண்ட்தான். டவுன்டவுன் வாட்டர்ஃபிரன்ட் ஸ்டேஷனில் கனடா லைன் ரயில் ஏறினால் சுமார் 25 நிமிடம். அங்கே உள்ள சீனக் கடலுணவு உணவகங்களில் உயிர் நண்டைத் தூக்கிக் காட்டி, எடை போட்டுத்தான் சமைப்பார்கள். மெனுவில் விலை இருக்காது, 'அன்றைய விலை' என்று மட்டும் இருக்கும். கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: பவுண்டு என்ன விலை? இந்த நண்டு எத்தனை பவுண்டு? சமைக்கத் தனிக் காசு உண்டா? இதைக் கேட்பது அங்கே சாதாரணம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். இரண்டு பவுண்டு நண்டில் அரை பவுண்டு அளவுக்குத்தான் சதை தேறும். நாலு பேருக்கு ஒரு நண்டு சொல்லிவிட்டு, கூட நூடுல்ஸ், கீரை, சோறு என்று நிரப்பிக்கொள்ளலாம்.

எப்படிச் சமைக்கச் சொல்வது? இஞ்சி, வெங்காயத்தாள் போட்டது குழந்தைகளுக்குச் சரி. அம்மாவுக்கு 'டைஃபூன் ஷெல்டர்' வகை கேளுங்கள். பொரித்த பூண்டும் மிளகாயும் மேலே மலை மாதிரி குவிந்து வரும். அதைப் பார்த்தால் "இது நம்ம பூண்டு வறுவல்தானே" என்று அவரே தட்டை இழுத்துக்கொள்வார். காலை உடைக்க இடுக்கி தருவார்கள், பிளாஸ்டிக் கையுறையும் தரலாம். கையுறை வேண்டாம். இதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

சூஷி: யாருக்கு எங்கே

இந்த ஊரில் தெருவுக்குத் தெரு சூஷி கடை உண்டு. சாதாரண நாளுக்கு வீட்டுப் பக்கத்துக் கடையே போதும். விசேஷமாகப் போக நினைத்தால் இரண்டு பெயர் சொல்வேன்.

ஒன்று, துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மிகு. 2008-இல் திறந்தது. இங்கே பிரபலம் 'அபுரி', அதாவது சூஷியின் மேல்பக்கத்தை நெருப்பில் லேசாக வாட்டித் தருவது. சால்மன் ஓஷி என்று கேளுங்கள். அச்சில் அழுத்திய சாதம், வாட்டிய சால்மன், மேலே ஒரு வட்டம் பச்சை மிளகாய். நெருப்பு வாசனை வருவதால் தயங்கும் பெரியவர்கள்கூட ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் உள்ளே மீன் பச்சைதான், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, மேற்கு பிராட்வேயில் இருக்கும் டோஜோஸ். பர்ஸுக்கு வலிக்கும் இடம், கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹிடேகாசு டோஜோ 1971-இல் வான்கூவருக்கு வந்தவர். பச்சை மீனும் கடற்பாசியும் கண்டு தயங்கிய வாடிக்கையாளர்களுக்காக, பாசியை உள்ளே மறைத்துச் சாதத்தை வெளியே வைத்து ரோலைத் திருப்பிச் சுற்றினேன், அதுதான் கலிஃபோர்னியா ரோல் என்பது அவர் சொல்லும் கதை. லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும். முள் எடுத்த மீனைச் சாதத்தில் ஒளித்து ஊட்டிய நம் பாட்டிகளுக்கும் இந்த டெக்னிக் தெரியும்.

இன்னொரு விஷயம்: சாதாரணக் கடை கலிஃபோர்னியா ரோலில் இருக்கும் 'நண்டு' பெரும்பாலும் நண்டே இல்லை. பொலாக் போன்ற வெள்ளை மீனை அரைத்து, சிவப்புப் பூசிச் செய்தது. நிஜ நண்டு வேண்டுமென்றால் டன்ஜனஸ் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பெரியவர்களும் குட்டிகளும்: கவனிக்க வேண்டியவை

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு இறால் டெம்புரா ரோல், வேகவைத்த விலாங்கு மீன் உனாகி, முட்டைத் தமாகோ இருக்கவே இருக்கிறது.

கடைகளில் பச்சையாகத் தரும் காட்டு சால்மனை முதலில் உறைய வைத்திருப்பார்கள். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் உறைந்தபின் 15 மணி நேரம் வைத்தால் புழுக்கள் சாகும். அதனால் படகில் வாங்கிய புது சால்மனை வீட்டில் அப்படியே நறுக்கி சூஷி போட வேண்டாம். 'புதுசு' என்பதும் 'பச்சையாகத் தின்னத் தகுந்தது' என்பதும் வேறு வேறு.

ஒவ்வாமை இருந்தால் போலி நண்டையும் நம்ப வேண்டாம். அதில் நண்டுச் சாறு, முட்டை வெள்ளை, கோதுமை இருக்கலாம். சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

சைவம் சாப்பிடும் பெரியவர் கூட வந்தால் வெள்ளரி ரோல், அவகாடோ ரோல், வள்ளிக்கிழங்கு டெம்புரா ரோல் சொல்லலாம். மிசோ சூப் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அதன் அடிச்சாறு பெரும்பாலும் மீன் கருவாட்டில் எடுத்தது.

நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் விழுது நம் வீடுகளில் சண்டை போட்டுச் சாப்பிடுவது. கடலில் நச்சுப்பாசி பெருகும்போது அந்த நச்சு சேருவது அங்கேதான். பிள்ளைகளுக்கு வெள்ளைச் சதையை மட்டும் கொடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கா? ஸ்டீவ்ஸ்டன் போங்க

ரிச்மண்டின் தென்மேற்கு மூலையில், ஃப்ரேசர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது ஸ்டீவ்ஸ்டன். அங்கே மிதக்கும் படகுத்துறையில் இறங்கி, பிடித்தவர்களிடமே நேராக வாங்கலாம். மே மாதம் ஸ்பாட் இறால், கோடையில் நண்டு, பிறகு சால்மன். எந்தப் படகு வரும் என்பது சீசனைப் பொறுத்தது, கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே 1894-இல் கட்டிய ஜார்ஜியா வளைகுடா மீன் பதப்படுத்தும் ஆலை, இப்போது மியூசியம். குழந்தைகளோடு ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

அங்கே அவர்களுக்கு ஒரு கதையும் சொல்லுங்கள். 1888-இல் ஜப்பானின் மியோ என்ற மீனவக் கிராமத்திலிருந்து கிஹேய் குனோ என்பவர் இங்கே வந்தார். ஆற்றில் சால்மன் குவிவதைப் பார்த்து ஊர்க்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப, ஒருவர் பின் ஒருவராக வந்து ஸ்டீவ்ஸ்டனையே ஒரு ஜப்பானிய மீனவர் ஊராக ஆக்கிவிட்டார்கள். போர் வந்தது. 1942-இல் சுமார் 22,000 ஜப்பானிய கனடியர்களை இந்தக் கடற்கரையிலிருந்து அரசு வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்தவர்கள், நம்மைப் போல இரண்டாம் தலைமுறை. அவர்களுடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளைப் பறித்து விற்றார்கள். போர் முடிந்து நாலு வருடம் கழித்து, 1949-இல்தான் திரும்ப அனுமதி. அரசு மன்னிப்புக் கேட்டது 1988-இல்.

நமக்கும் இந்தக் கடற்கரையில் ஒரு பக்கம் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 ஈழத் தமிழர்கள் இதே மாகாணத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். பலர் மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள்.

இதை ஏன் சாப்பாட்டுப் பத்தியில் சொல்கிறேன்? நம்மில் எத்தனை பேர் ஸ்கூலில் டிஃபன் பாக்ஸை மூடியபடியே சாப்பிட்டவர்கள்? கையால் சாப்பிட்டால் யாராவது பார்ப்பார்களோ என்று கூச்சப்பட்டவர்கள்? விரட்டப்பட்ட மக்களின் சாப்பாடுதான் இன்று அதே ஊரில் பள்ளிப் பிள்ளைகளின் லஞ்ச் பாக்ஸில் பெருமையாக இருக்கிறது. அடுத்தவர் முகம் சுளிப்பதை வைத்து ஒரு சாப்பாட்டை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கையுறை வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். நண்டைக் கையால்தான் தின்ன முடியும், அந்த மேஜையில் எல்லாருடைய விரலிலும் மசாலா இருக்கும். நிகிரி சூஷியைக் கையால் எடுப்பதும் ஜப்பானிய வழக்கம்தான். மீன் பக்கத்தைச் சோயாவில் லேசாகத் தொட்டு அப்படியே வாயில் போடலாம். கையால் சாப்பிடுவதில் உலகத் தரப் பயிற்சி உள்ள ஆள் அந்த மேஜையில் பாட்டிதான். காலை எங்கே முறிக்க வேண்டும், சதை உடையாமல் எப்படி உருவ வேண்டும் என்பதை அவர் சொல்லிக் கொடுக்கட்டும். சூஷி பெயர்களைப் பேரன் பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால், படகில் இரண்டு நண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து துண்டாக்கித் தரச் சொன்னால் சிலர் செய்து தருவார்கள். வறுத்து அரைத்த மிளகு, சோம்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால், இறக்கும்போது கிடைத்தால் ஒரு பிடி முருங்கையிலை. இந்த நண்டு இனிப்பு என்பதால் காரம் ஒரு கை கூடவே போடலாம். மறுநாள் காலை மீதக் குழம்போடு தோசை. அது எந்த ரெஸ்டாரன்ட் மெனுவிலும் கிடைக்காது.

அடுத்த மாதம்: கிரில் போட ஆசைப்படும் அப்பாக்களுக்கு, வஞ்சிரம் கிடைக்காத ஊரில் எந்த மீன் வாங்கலாம்?