மஞ்சள் எங்கிருந்து வருகின்றது?

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டது. பத்துமலையிலும், பினாங்குத் தண்ணீர்மலையிலும், ஈப்போ கல்லுமலையிலும் அன்று திரளும் மக்கள் வெள்ளத்தை மேட்டில் நின்று நோக்குவோர் தனித்தனி முகங்களைக் காண்பதில்லை. அவர்கள் காண்பது ஒரு நிறத்தை. 1892ஆம் ஆண்டு பத்துமலையில் முதன்முதலாகத் தைப்பூசம் எடுக்கப்பட்ட நாள் தொட்டு, தலைமுறைகள் மாறியும் மாறாதிருப்பது அந்த மஞ்சள் நிறம். அதன் பொருள் குறித்து இவ்வாண்டுச் சிறப்பிதழில் எழுத வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தது ஒரு மீன் என்றால், அன்பர்கள் வியப்படையலாம்.

பல்வலி காரணமாக ஒரு கிளினிக்கிற்குச் சில முறை செல்ல நேர்ந்தது. அங்கே காத்திருப்போர் அறையில் கடல்நீர் நிரப்பிய ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கின்றது. அதிலே உள்ளங்கை அளவில், எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு மீன். ஹவாய்த் தீவுகளின் கடலில் மிகுதியாக வாழும் ‘யெல்லோ டாங்’ என்னும் இனம். முதல்முறை கண்டபோது, அபிஷேகம் முடிந்து மஞ்சள் காப்பிட்ட திருமேனிதான் நினைவிற்கு வந்தது. சில மாதங்கள் கழித்துச் சென்றபோது அதே மீன் வெளிறிப்போயிருந்தது. நோயோ என்று அங்கிருந்த தாதியைக் கேட்டேன். “நோய் இல்லை அங்கிள், சாப்பாடுதான். கொஞ்ச நாளாய்க் காய்ந்த தீனி மட்டும் போட்டோம். இப்போது மறுபடியும் பாசி கொடுக்கிறோம்” என்றார். ஜப்பானியர் சோறு சுற்றி உண்ணும் அந்தக் கடற்பாசித் தாளைக் கிள்ளித் தொட்டியின் கண்ணாடியில் மாட்டி வைத்திருந்தனர். மீன் அதைக் கொறித்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை சென்றபோது பழைய மஞ்சள் பெரிதும் திரும்பியிருந்தது.

அதன் பின்னர் விசாரித்து அறிந்தேன். மீனின் உடல் மஞ்சள் நிறமியைத் தானாக உண்டாக்குவதில்லை. பாசியிலும் செடியிலும் உள்ள நிறமியை உண்டு, அதைத் தோலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றது. நாள்தோறும் உண்டதே நாளடைவில் நிறமாகின்றது. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் மீன் கடைகளில், உடல் முழுதும் கண்ணாடிபோல் தெளிந்த சிறு மீன்களுக்கு ஊசியால் சாயம் ஏற்றி, மஞ்சளாகவும் பச்சையாகவும் விற்றனர். வாங்கிச் சென்ற பிள்ளைகள் மகிழ்ந்தனர். சில மாதங்களில் சாயம் மறைந்துவிடும். ஊசி பட்ட மீன்கள் பல அதற்கு முன்பே இறந்துவிடும்.

நம் மஞ்சளுக்கு வருவோம். தமிழில் அந்நிறத்தின் பெயரும் கிழங்கின் பெயரும் ஒன்றே. பிடித்து வைத்த மஞ்சள் பிள்ளையாரில் தொடங்காத நற்காரியம் நம்மிடையே இல்லை. அழைப்பிதழின் நான்கு மூலையிலும், அட்சதை அரிசியிலும், மாங்கல்யக் கயிற்றிலும் மஞ்சள். நான் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் கடையில் மஞ்சள் வேட்டி வாங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. விரதம் தொடங்கும் நாளன்று அம்மா கிழங்கை அரைத்து, வாளி நீரில் கரைத்து, அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தோய்த்து நிழலில் உலர்த்துவார். மறந்தும் அதில் சவர்க்காரம் படக்கூடாது. பட்டால் அவ்விடம் சிவந்துவிடும். சுண்ணாம்பு கலந்த ஆரத்தி நீர் சிவப்பதும் இதனாலேதான். வெயிலில் அந்த நிறம் மங்கவும் செய்யும். ஆகவே விரத காலத்தில் வேட்டியை மீண்டும் மீண்டும் தோய்க்க வேண்டியிருந்தது. கயிற்று மாங்கல்யம் அணிந்த நம் தாய்மார் குளிக்குந்தோறும் அதில் மஞ்சள் பூசியதும் அவ்வாறே. கடைச் சாயத்திற்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஒருமுறை வாங்கினால் ஐந்து தைப்பூசத்திற்கு அப்படியே இருக்கும்.

மஞ்சளைப் போற்றுவதில் நாம் தனித்தவர்கள் அல்லர். மலாய் மரபில் அது அரச நிறம். நம் தேசியக் கொடியின் பிறையும் நட்சத்திரமும் அதனாலேயே மஞ்சளாயின. மலாய் அன்பர்களின் விருந்துகளில் மஞ்சள் கலந்த புளுட் சோறு வைப்பதை நாம் அறிவோம். சீனர்கள் ஒன்பதாம் திங்களில் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவை எனக்கு இங்கே சிறப்பாகக் குறிப்பிடத் தோன்றுகின்றது. அந்த நாள்களில் சைவ உணவு விற்கும் கடைகளில் மஞ்சள் கொடி கட்டுவர். கொடியைக் கண்டு உள்ளே போனால் சட்டியிலும் சைவந்தான் இருக்கும் என்பது நம்பிக்கை. (காமாலை, மஞ்சள் பத்திரிகை என்று இந்நிறத்திற்குச் சில கெட்ட பெயர்களும் உண்டு. நாளிதழில் எழுதும்போது இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசாதிருப்பது நலம்.)

இனி, சொல்ல வந்த செய்தி. எங்கள் ஆலயத்தில் பால்குடச் சீட்டு இதுவரை திருவிழாக் காலையிலும் விற்கப்பட்டு வந்தது. முன்னிரவு வரை எந்த எண்ணமும் இல்லாதிருந்தவர், காலையில் ஆலய வாசலிலேயே மஞ்சள் சட்டை வாங்கி, சீட்டு எடுத்து, குடம் சுமக்கலாம். யாரையும் குறைகூற இதை எழுதவில்லை. முப்பது வயதில் ஓராண்டு, நண்பர்கள் அழைத்தார்கள் என்று நானும் அப்படிச் சென்றவன்தான். அம்மா என் சட்டையைப் பார்த்தார்; ஒன்றும் கூறவில்லை.

இவ்வாண்டு முதல் பால்குடச் சீட்டும் காப்பும் ஏழு நாள்களுக்கு முன்னரே வழங்கப்படும். திருவிழாக் காலையில் விற்பனை இல்லை. இந்த முடிவு எளிதில் வரவில்லை. அன்னதானச் செலவின் பெரும்பகுதி அந்தக் காலை விற்பனையிலிருந்தே கிடைக்கின்றது என்று பொருளாளர் கணக்கைக் காட்டினார். அது உண்மை. சிங்கப்பூரில் வேலை செய்து திருவிழாவிற்கு மட்டும் ஊர் திரும்பும் பிள்ளைகளும், இரவு வேலை செய்வோரும் என்ன செய்வர் என்று மகளிர் பிரிவினர் கேட்டனர். அதுவும் நியாயமே. இத்தகையோர் முன்கூட்டித் தகவல் தந்தால், பெற்றோரோ உடன்பிறந்தாரோ அவர்களுக்காகக் காப்பைப் பெற்றுச் செல்லலாம். விரதத்தை அவர்கள் இருக்கும் இடத்திலேயே தொடங்கட்டும். நாற்பத்தெட்டு நாள் இருப்போர் பெருமக்கள். ஏழு நாள் என்பது கீழ்வரம்பு. அன்றைய காலை வெறுங்கையோடு வரும் அன்பரையும் ஆலயம் திருப்பி அனுப்பாது. அர்ச்சனைக்கும் அன்னதானப் பந்திக்கும் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

சீட்டு விற்பனை குறைவதால் ஏற்படும் பற்றாக்குறையை உபயகாரர்கள்தாம் ஈடுசெய்ய வேண்டும். ஒரு மூட்டை அரிசி தர இயலாதவர் ஒரு கிலோ பருப்புத் தரலாம். அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

காப்பு வழங்கும் நாளன்று மகளிர் பிரிவினர் பச்சை மஞ்சளை அரைத்துப் பெரிய அண்டாவில் கரைத்து வைத்திருப்பர். விரும்புவோர் வெள்ளை வேட்டியோ புடவையோ கொண்டுவந்தால் தோய்த்துத் தருவார்கள். கட்டணம் இல்லை. துணி ஈரமாகவே இருக்கும். காரில் வருவோர் இருக்கைமீது பழைய நாளிதழ் ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது. இந்தச் சிறப்பிதழை மட்டும் விரித்துவிட வேண்டாம். இதன் முகப்பில் முருகப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றார்.