வீடு தெருவுல இருக்கட்டும், குளத்துக்கு நடந்து போங்க

கொஞ்சம் நீளமான திரெட். ரிட்டயர் ஆகப் போறவங்களும், அப்பா அம்மாவை ஊர்ல குடிவைக்க நினைக்கிற பிள்ளைகளும் பொறுமையா முழுசும் படிங்க.

1.
ஜூலை, ஆகஸ்ட் வந்தா போதும். போனைத் திறந்தா சுந்தரபாண்டியபுரம்தான். சூரியகாந்தி வயல், பின்னால மலை, பக்கத்துல குளம், முகத்துல சாரல். 1992-ல வந்த ரோஜா படத்துல கதாநாயகிக்கு ஊர் இதுதான்னு சொன்னதுல இருந்தே இந்த ஊருக்கு ஒரு மவுசு உண்டு.

இப்போ அந்த ரீல்ஸுக்குக் கீழேயே இன்னொண்ணும் வருது. குளத்தைப் பார்த்த வீடு, மூலிகைக் காற்று, மருந்து மாத்திரை இல்லாத முதுமை, முன்பணம் கட்டினா போதும்னு.

சென்னையிலும் மும்பையிலும் முப்பது வருஷம் உழைச்சு, கையில செட்டில்மென்ட் பணத்தோட நிக்கிற மனுஷனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற டாக்டரா சொல்றேன். வேற நிறைய வேணும்.

2.
முதல்லயே ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். ஊருக்கு வராதீங்கனு நான் சொல்லல. வாங்க. நல்லா வாங்க. ஊர் நல்ல ஊர்.

என் சண்டை ஒரே ஒரு விஷயத்தோடதான்: குளக்கரையில, ஊரைவிட்டுத் தள்ளி, தனியா, நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர் எழுப்பி, அதுக்குள்ள ரெண்டு வயசானவங்களைக் குடிவைக்கிறதோட.

வீடு தெருவுக்குள்ள இருக்கட்டும். குளத்துக்கு நடந்து போங்க. இதுதான் மொத்தத் திரெட்டும். ஏன்னு கீழே சொல்றேன்.

3.
நீங்க வீடு பார்க்கப் போகும்போது உங்களுக்கு வயசு 60. தமிழ்நாடு அரசு ஊழியரோட ஓய்வு வயசே 2021-ல இருந்து 60 தான். கால் நல்லா இருக்கு, கார் ஓட்டுறீங்க, கண்ணு தெரியுது. அந்த 60 வயசுக்காரர்தான் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஆனா அந்த வீட்டுல ரொம்ப நாள் வாழப் போறவர் யாரு? 70 வயசுக்காரர். 78 வயசுக்காரர். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போறவர். கார் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டவர். பாதிப் பேருக்கு அப்போ கூட துணையும் இருக்காது.

வீட்டை அவருக்காகப் பாருங்க அண்ணாச்சி. 60 வயசுக்காரர் எங்க இருந்தாலும் பிழைச்சுக்குவார்.

4.
குளத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்க் குளம் வெளிநாட்டு ஏரி மாதிரி அழகுக்காக இருக்கிறது இல்ல. அது பாசனத்துக்கு வெட்டினது. சிற்றாறும் அனுமன் நதியும் கொண்டுவர்ற தண்ணியைத் தேக்கி, மடை திறந்து வயலுக்கு விடறதுக்கு.

அதனால ஒரு வருஷத்துல அது பல வேஷம் போடும். ஐப்பசி, கார்த்திகையில மறுகால் பாயும். சித்திரை, வைகாசியில மாடு மேயற கட்டாந்தரை. விற்கிறவர் உங்களை சீசன்லதான் கூட்டிட்டு வருவார், கோடையில கூட்டிட்டு வரமாட்டார்.

குளம் நிறைஞ்சா கொசுவும் வரும். நெல்லு விளைஞ்சா எலி வரும், எலிக்குப் பின்னால பாம்பு வரும். இது குளத்தோட குத்தம் இல்ல. அது அதுங்களோட இடம், நாமதான் போய் நடுவுல உட்கார்றோம்.

பாம்புக்கடியை 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு அறிவிக்கை செய்ய வேண்டிய நோயா ஆக்குச்சு. அவ்வளவு பெரிய பிரச்சினை அது. கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. கடிபட்ட காலை அசைக்காம வச்சு நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. விஷமுறிவு மருந்து இலவசம். ஆனா வர்றதுக்கு யாராவது வண்டி எடுக்கணுமே?

5.
இப்போ அந்த "மருந்தில்லா முதுமை" விஷயத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

பதினஞ்சு வருஷமா பிபிக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிட்டவர் ஊருக்கு வர்றார். நல்ல காத்து, நல்ல தூக்கம், குற்றாலக் குளியல். ஒரு மாசத்துல உடம்பு லேசாத் தெரியுது. மாத்திரையை நிறுத்திடறார். "இங்க வந்ததுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்."

ஐயா, பிபிக்கு அறிகுறி கிடையாது. நல்லா இருக்கிற மாதிரி தெரியறதும் பிபி 180 இருக்கிறதும் ஒரே நேரத்துல நடக்கும். நிம்மதியும் நடையும் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், உண்மைதான். அப்படிக் குறைஞ்சா டோஸைக் குறைக்க வேண்டியது அளந்து பார்த்த டாக்டர். அருவி இல்ல.

சாரல் காத்து சுகம். ஆனா அது அம்லோடிபின் ஆகாது.

இன்சுலின் போடறவங்க கரண்ட் போனா என்ன செய்யறதுன்னும் யோசிச்சு வைங்க. பெரிய மண்பானையில ஈர மணல், அதுக்குள்ள சின்னப் பானை, அதுல இன்சுலின். இது போதும், பழைய முறைதான், வேலை செய்யும்.

6.
உடனே ஒருத்தர் கமென்ட்ல வருவார். "எங்க தாத்தா 92 வயசு வரைக்கும் இந்தக் குளத்துலதான் குளிச்சார், ஒரு மாத்திரை சாப்பிட்டதில்ல."

சந்தோஷம். ஆனா அந்தத் தாத்தா கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், அதுல எத்தனை பேர் அம்பதைத் தாண்டினாங்கன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. நாடு விடுதலை ஆனப்போ இந்தியர்களோட சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இன்னிக்கு 70-ஐ ஒட்டி. தப்பிச்சவர் போட்டோதான் சுவர்ல தொங்குது. தப்பிக்காதவங்களுக்கு போட்டோவே கிடையாது.

இன்னொண்ணு. தாத்தா கலப்பை பிடிச்ச உடம்போட கிழவரானார். நீங்க நாற்காலியில உட்கார்ந்த உடம்போட வர்றீங்க. தாத்தா வீட்டுல பதினஞ்சு பேர் இருந்தாங்க. உங்க வில்லாவுல ரெண்டு பேர்.

7.
அடுத்தது நேரக் கணக்கு.

பக்கவாதம்: ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லைன்னு உறுதி பண்ணணும். அந்த நேரம் எல்லாம் இந்த நாலரை மணிக்குள்ளேயே அடக்கம்.

மாரடைப்பு: ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டு இருக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2023-ல தொடங்கின "இதயம் காப்போம்" திட்டத்துல, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துடறாங்க. அருமையான திட்டம். ஆனா நீங்க அங்க வந்து சேரணும்.

நடக்கிறது என்ன? நெஞ்சு எரிச்சல், வியர்வை. "கேஸ்தான்"னு சோடா. அப்புறம் ஓமத்திரவம். அப்புறம் "கொஞ்சம் படுத்துப் பார்ப்போம்". சுகர் உள்ளவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம மாரடைப்பு வரும். மூச்சு வாங்கும், வேர்க்கும், அவ்வளவுதான்.

தெருவுக்குள்ள இருந்தா எதிர்வீட்டு அக்கா முகத்தைப் பார்த்தே "என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி இருக்கீய?"ன்னு கேட்டிருப்பாங்க. குளக்கரையில கேட்க ஆள் இல்ல.

பக்கவாதத்துல இன்னும் மோசம். கை வராது, பேச்சு வராது. போன் எப்படிப் போடுவீங்க? ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் காலையில பால்காரர் வர்ற நேரத்துல வாய் கோணிக் கிடந்தா, அது எத்தனை மணிக்கு வந்ததுன்னு எங்களால சொல்ல முடியாது. நாங்க கேட்கிற முதல் கேள்வியே "கடைசியா நல்லா இருந்ததை எப்போ பார்த்தீங்க?" தான். பார்க்க ஒரு ஆள் வேணும் இல்லையா?

8.
ஆம்புலன்ஸ் இருக்கே? இருக்கு. 2008-ல இருந்து 108 ஓடுது, நம்ம மாநிலத்தோட பெருமை அது. ஆனா ஆம்புலன்ஸ் ரோட்டுலதான் ஓடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தென்மாவட்டத்துக்காரங்க மறக்கமாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைஞ்சது, ரோடு போச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோட நின்னுடுச்சு. அந்த மாதிரி ஒரு ராத்திரியில, குளக்கரை மண்ரோட்டுக்குள்ள உங்களைத் தேடி எந்த வண்டி வரும்?

இதுல சட்டமும் இருக்கு. குளத்தோட உள்வாயில, நீர்நிலைப் புறம்போக்குல வீடு கட்டினா 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. "குளத்தை ஒட்டின இடம்"னு யாராவது சொன்னா, பட்டாவையும் புல வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட காட்டிக் கேட்டுக்கோங்க. வாழ்நாள் சேமிப்பு அது.

9.
அப்புறம் விழறது. வயசானவங்களை முடக்கறதுல இதுக்கு நிகர் இல்ல.

சாரல்ல பாசி பிடிச்ச படிக்கட்டு. வழவழன்னு பளபளக்கிற டைல்ஸ். வீட்டுக்கு வெளியே கழிப்பறை. ராத்திரி தூக்கக் கலக்கம். விழுந்தா இடுப்பு எலும்பு. அதுக்கு முடிஞ்சவரை ரெண்டு நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணி எழுப்பி உட்கார வைக்கணும். தள்ளிப் போட்டா படுக்கைப் புண், சளி, நிமோனியா.

லட்சக்கணக்குல செலவு பண்ணி குளம் தெரியற பால்கனி கட்டறவங்க, பாத்ரூம்ல ஒரு கைப்பிடிக் கம்பி போடமாட்டாங்க. அந்தக் கம்பிக்கு ஆகிற செலவு குடும்பத்தோட ஒரு தடவை பார்டர் கடையில சாப்பிடற செலவுதான்.

10.
இப்போ வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளே, உங்ககிட்ட.

அப்பா அம்மாவுக்கு அழகா வீடு கட்டிக் கொடுத்துட்டீங்க. எட்டு கேமரா மாட்டிட்டீங்க. பெங்களூர்ல, டல்லாஸ்ல இருந்து போன்ல பார்க்கறீங்க. உங்க பாசத்தை நான் சந்தேகப்படல.

ஆனா கேமரா பார்க்கும், தூக்காது. அம்மா விழுந்ததை நீங்க பத்தாயிரம் மைல் தள்ளி இருந்து பார்த்துட்டு, ஊர்ல யாரோட நம்பரும் இல்லாம தவிக்கிறதைவிடக் கொடுமை உண்டா?

தனிமை ஒரு மனக்குறை மட்டும் இல்ல, உடல் நோய்க்கும் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2025-ல வெளியிட்ட அறிக்கை, தனிமை வருஷத்துக்கு 8,71,000 மரணங்களோட தொடர்புடையதுன்னு சொல்லுது. இங்கிலாந்து 2018-லயே இதுக்குன்னு ஒரு அமைச்சரை நியமிச்சுது. நாம காசு கொடுத்துத் தனிமையை வாங்கி அதுக்கு "அமைதி"ன்னு பேர் வைக்கிறோம்.

11.
சுந்தரபாண்டியபுரத்துலயே இதுக்கு மருந்து இருக்கு. பழைய தெருக்களைப் பாருங்க. சுவரோட சுவர் ஒட்டின வீடு. வாசல்ல திண்ணை. இந்த வீட்டுல தட்டினா அந்த வீட்டுல கேட்கும். காலையில கதவு திறக்கலைன்னா எட்டு மணிக்குள்ள யாராவது வந்து தட்டிடுவாங்க.

ஆமா, வம்பு பேசுவாங்க. "மருமக ஏன் வரல?"ன்னு கேட்பாங்க. தொல்லைதான். ஆனா உங்க வீட்டு வம்பு தெரிஞ்ச தெருவுக்குத்தான் உங்க உடம்பு சரியில்லாததும் தெரியும். ஒண்ணு வேணும், இன்னொண்ணு வேண்டாம்னா நடக்காது.

அந்தத் தெருவுல ஒரு பழைய வீட்டை வாங்கி, பாத்ரூமை மட்டும் புதுசாக் கட்டுங்க. தினமும் காலையில குளக்கரை வரைக்கும் நடந்துட்டு வாங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் நடைன்னு நாங்க தொண்டை வறளச் சொல்றது தன்னால நடந்துடும். குளத்துலயே வீடு இருந்தா எங்க நடப்பீங்க? பால்கனியில உட்கார்ந்து காபிதான் குடிப்பீங்க.

12.
இன்னொரு விஷயம், கௌரவம்.

2021 ஆகஸ்ட்ல இருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" நடக்குது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில இருக்கிறவங்களுக்குப் பிசியோதெரபி வீட்டுலயே கிடைக்கும். 2024-ல ஐ.நா. விருது வாங்கின திட்டம்.

ஆனா ரிட்டயர் ஆன பெரிய ஆபீசர்கள் பதிவு பண்ணமாட்டாங்க. "அது இல்லாதவங்களுக்கு சார்." மாத்திரைக்காக இல்லைன்னாலும் பதிவு பண்ணுங்க. மாசாமாசம் ஒரு சுகாதாரப் பணியாளர் உங்க வாசல்ல வந்து நிப்பாங்க, பிபி பார்ப்பாங்க. அந்த வருகைதான் பெரிய மருந்து.

பக்கத்துல ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு, 1981-ல இருந்து. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருத்தர் தொடங்கினது. முடங்கினவங்களை எழுப்பி வாழ வைக்கிற இடம். ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வாங்க. நேரம் இருந்தா ஏதாவது வேலை செய்யுங்க.

13.
அரசாங்கத்துக்கும் சொல்லணும். தென்காசி 2019 நவம்பர் 22-ல தனி மாவட்டம் ஆச்சு. 2022 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. அந்தப் பட்டியல்ல தென்காசி இல்ல. பெரிய சிக்கல்னா ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலிக்குத்தான் ஓடணும்.

இங்கதான் நீங்க வேணும். நீங்க ரிட்டயர் ஆன தாசில்தார், ஹெட்மாஸ்டர், என்ஜினீயர், பேங்க் மேனேஜர். மனு எழுதத் தெரியும், ஃபைல் எப்படி நகரும்னு தெரியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு நாலு பேர் சேர்ந்து போங்க. இந்த ஊருக்கு உங்க முதலீட்டைவிட உங்க கையெழுத்துதான் அதிகம் தேவை.

14.
கடைசியா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஏழு கேள்வி. பேப்பர்ல எழுதிப் பதில் சொல்லுங்க:

அ) ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல வர்ற ரெண்டு பேர் யாரு?
ஆ) சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம்? 24 மணி நேரமும் ஆஞ்சியோ எங்க?
இ) மழைக்காலத்துல அந்த ரோட்டுல வண்டி போகுமா? ஐப்பசியில போய்ப் பாருங்க.
ஈ) கார் ஓட்ட முடியாத நாள்ல மருந்துக் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடந்து போக முடியுமா?
உ) படுக்கை, பாத்ரூம், சமையல் எல்லாம் ஒரே தளத்துல, படி ஏறாம இருக்கா?
ஊ) பட்டா சுத்தமா?
எ) ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா, மத்தவர் அந்த வீட்டுல தனியா இருப்பாரா?

கடைசிக் கேள்விக்குப் பதில் "மாட்டார்"னா அந்த இடத்தை விட்டுடுங்க. எவ்வளவு அழகான குளமா இருந்தாலும் சரி.

சென்னையில ரெண்டு பேர் ஊருக்கு வர்றதா பிளான் போட்டுட்டு இருப்பாங்க. அவங்களுக்கு அனுப்பி வைங்க.