பெயர் எழுதாத படம் காணாமல் போகும்!

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் சந்திரனில் மனிதன் கால் வைத்தான். அந்தக் காட்சியை உலகமே டெலிவிஷனில் பார்த்தது.

சந்திரனில் இருந்து வந்த படத்தை, பூமியில் நாடாக்களில் பதிவு செய்தார்கள். டெலிவிஷனில் தெரிந்ததைவிட அது தெளிவான படம்.

பல ஆண்டுகள் கழித்து அந்த நாடாக்களைத் தேடினார்கள். கிடைக்கவில்லை! அவற்றை அழித்து, வேறு பதிவுக்குப் பயன்படுத்தி இருக்க வேண்டும் என்று 2009-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான "நாசா" தெரிவித்தது.

சந்திரனுக்குப் போய் வந்தவர்களுக்கே இந்தக் கதி! கல்யாண வீடியோ எம்மாத்திரம்?

இப்போது ஒரு கல்யாணத்துக்கு இரண்டு, மூன்று காமிராக்கள் வருகின்றன. காமிரா தன் படங்களுக்கு எண்தான் போடும். "முகூர்த்தம்", "விருந்து" என்று எழுதாது. இரண்டு காமிராவிலும் ஒரே எண் வருவதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால், ஒரு படம் இன்னொன்றை அழித்துவிடக்கூடும்.

கம்ப்யூட்டரில் "எடிட்டிங்" செய்யும்போது இன்னொரு தொல்லை. எடிட்டிங் கோப்புக்குள் பெரும்பாலும் படம் இருக்காது. எந்தப் படம், எந்த இடத்தில் இருக்கிறது, எந்த வினாடியில் வெட்ட வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். படத்தை வேறு இடத்துக்கு மாற்றினால், "காணோம்" என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்டால் போய்ச் சேருமா?

சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் "கிளாப்" பலகை காட்டுகிறார்களே, எதற்கு? அதில் காட்சி எண்ணும் ஷாட் எண்ணும் இருக்கும். பின்னால் எளிதாகத் தேடி எடுக்கத்தான்!

வீடியோ எடுப்பவர்களும் இந்த ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு "போல்டர்" போதும். அதன் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், தேதி, நிகழ்ச்சி. உள்ளே ஒவ்வொரு காமிராவுக்கும் தனி இடம். பாட்டுக்குத் தனி இடம். எடிட்டிங் தொடங்கிய பிறகு எதையும் இடம் மாற்றக் கூடாது. காமிரா கார்டை அழிக்கும் முன்பு இரண்டு பிரதி எடுக்க வேண்டும். அதில் ஒன்று வேறு கட்டிடத்தில் இருக்கட்டும்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். வாரக் கணக்கில் தேட மட்டும் நேரம் இருக்கிறதா?

படம் எடுக்கச் சொன்ன குடும்பமும் சும்மா இருக்கக் கூடாது. எடுத்த படம் முழுவதற்கும் ஒரு பிரதி கேட்டு வாங்க வேண்டும்.

நடந்த கல்யாணத்தை மறுபடியும் நடத்த முடியாது. அன்று அட்சதை போட்டு வாழ்த்திய தாத்தா, இன்று இல்லாமல் இருக்கலாம். அவர் முகமும் குரலும் அந்தப் பதிவில்தான் இருக்கின்றன. அதற்கு ஒரு பெயர் எழுதி வைக்கச் சோம்பல் படலாமா?