கடைமடைக்கு வராத அப்டேட்

மே மாசம் பக்கம் கூகுள்காரர்கள் புது ஆண்ட்ராய்டைப் பற்றிப் பேசுவார்கள். ஜூன் வந்தால் ஆப்பிள்காரர்கள் புது ஐஓஎஸ்ஸைக் காட்டுவார்கள். உடனே சென்னை, கோயமுத்தூர், பெங்களூர் என்று இருக்கிற நம்ம பிள்ளைகள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. ஐபோன் பெரிசா ஆண்ட்ராய்ட் பெரிசா, உனக்கு அப்டேட் வந்துருச்சா, எனக்கு ஏன் இன்னும் வரலை என்று ஒரு மாசத்துக்கு அந்தச் சண்டை ஓடும்.

திண்டுக்கல் பக்கம் எங்க ஊர் டீக்கடையில் இந்தப் பேச்சே கிடையாது. அதனால அப்டேட் கிராமத்துக்காரனுக்கு வேண்டாத சமாச்சாரம் என்று நினைச்சிடாதீங்க. உங்களுக்கு அது லேட்டாக வருகிறது. எங்களில் நிறையப் பேருக்கு அது வருவதே இல்லை. ஆனால் இன்றைய நிலையில் உங்களைவிட எங்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

ஏன் என்று கேட்டால், போன் இங்கே என்னவாக மாறியிருக்கிறது என்று பாருங்க. நிலக்கோட்டையில் மல்லிகை என்ன விலை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கையும் தக்காளியும் என்ன விலை என்று வாட்ஸப்பில் பார்த்துவிட்டுத்தான் ஆளுக்குச் சொல்லிவிடுகிறோம். உழவன் செயலி 2018-ல் வந்தது. மானியத்துக்குப் பதிவு, வாடகைக்கு இயந்திரம் எல்லாம் அதற்குள் போய்விட்டது. வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருகிற பிஎம் கிசானுக்கு இ-கேஒய்சி முடிக்கணும். முகத்தைக் காட்டி அதை முடிக்கிற வசதி 2023 ஜூனில் போனுக்கே வந்தது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் வருகைப்பதிவு செயலியில்தான் என்று ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, இடமும் நேரமும் பதிவாகிற மாதிரி போட்டோ எடுத்து ஏற்றணும். விவசாயிக்குத் தனி அடையாள எண் கொடுக்கிற வேலை 2025-ல் நடந்தபோது, ஆதாரோடு சேர்த்து ஓடிபி வருகிற செல்லையும் கையில் கொண்டு போகணும்.

பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு வரிசையில் போனும் ஒரு ஆவணம் மாதிரி ஆகிப்போச்சு. ஒரு வித்தியாசம் உண்டு. பட்டா பழசானா செல்லாமல் போகாது. போன் போகும்.

சரி, இங்கே இருப்பது எந்த மாதிரி போன்? ஒன்று, எட்டாயிரம் பத்தாயிரத்துக்கு வாங்கினது. இன்னொன்று, கை மாறி வந்தது. மகன் திருப்பூரில் வேலை பார்ப்பான், தீபாவளி போனஸில் புதுசு வாங்குவான், பழசு அப்பாவுக்கு வரும். அப்பா நாலு வருஷம் ஓட்டுவார். உங்க வீட்டில் மூணு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற போன் எங்க ஊரில்தான் ரெண்டாவது வேலைக்குச் சேருகிறது. நிறைய மலிவு மாடல்களுக்கு கம்பெனி அப்டேட் கொடுக்கிற காலமே ரெண்டு மூணு வருஷம்தான். அதாவது போன் கிராமத்துக்கு வந்து சேருகிற நேரமும் அப்டேட் நிற்கிற நேரமும் ஒன்றாக இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தர் கதை இப்படித்தான். போனில் ஒரு கீறல் இல்லை, பேட்டரி ரெண்டு நாள் நிற்கும். ஒரு நாள் அவருடைய வங்கிச் செயலி, இந்தப் போனில் இனி இயங்காது என்று சொல்லிவிட்டது. சின்ன வெங்காயம் போட்ட காசு கணக்கில் வந்ததா என்று பார்க்க பஸ் ஏறிக் கிளைக்குப் போனார். "போன் நல்லாத்தானப்பா இருக்கு, அப்புறம் என்னத்துக்கு வேலை செய்யாதுங்குறான்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதிலை எங்க பாஷையிலேயே சொல்கிறேன். ஆப்பிள் என்பது சொந்தக் கிணறு, சொந்த மோட்டார். போனும் அவங்களுது, மென்பொருளும் அவங்களுது. பட்டனைத் தட்டினால் எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் பாயும். 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் கொடுத்தாங்க. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

ஆண்ட்ராய்ட் பொதுவாய்க்கால். அணையைத் திறப்பது கூகுள். முதல் மடை, சிப் செய்கிற குவால்காம், மீடியாடெக் மாதிரி கம்பெனிகள். தங்கள் சிப்புக்கு ஏற்ற மாதிரி அவங்க திருத்தித் தரணும். அடுத்த மடை, போன் கம்பெனி. அவங்க தங்கள் அலங்காரத்தையும் சொந்தச் செயலிகளையும் மேலே போட்டு, ஒவ்வொரு மாடலாகச் சோதிச்சு அனுப்பணும். ஒரே கம்பெனி வருஷத்துக்கு இருபது முப்பது மாடல் விட்டால், முதல் தண்ணீர் விலை கூடின மாடலுக்குத்தான் போகும். குடகனாற்றில் மேலே ஆத்தூர்ப் பக்கம் தண்ணீர் வந்தால், கீழே வேடசந்தூர்ப் பக்கம் எப்போ வரும், வருமா என்று காத்துக் கிடக்கிற கதைதான். எட்டாயிரம் ரூபாய்ப் போன் கடைமடை.

கூகுளுக்கு இது தெரியாமல் இல்லை. 2017-ல் ஆண்ட்ராய்ட் 8 வந்தபோது 'ட்ரெபிள்' என்று ஒரு ஏற்பாடு செய்து, சிப்காரர்கள் பகுதியையும் ஆண்ட்ராய்ட் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்தாங்க. 2019-ல் ஆண்ட்ராய்ட் 10 வந்தபோது, சில பாகங்களைப் போன் கம்பெனிக்குக் காத்திருக்காமல் நேராகவே புதுப்பிக்க வழி செய்தாங்க. வாய்க்கால் கொஞ்சம் அகலமாச்சு. கடைமடைப் பிரச்சினை தீரவில்லை.

அதற்கு முன்னாடியே ஒரு நல்ல முயற்சி நம்ம நாட்டிலேயே நடந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2014 செப்டம்பரில் டெல்லியில் 'ஆண்ட்ராய்ட் ஒன்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூணு இந்தியக் கம்பெனிகள். விலை 6,399 ரூபாயிலிருந்து. ரெண்டு வருஷம் வரைக்கும் அப்டேட் கூகுளிடமிருந்தே நேராக வரும் என்பது வாக்கு. எங்களை மாதிரி ஆட்களுக்காகவே செய்த திட்டம். ஆனால் முதலில் ஆன்லைனில் மட்டும் விற்றார்கள். நம்ம ஊர்க்காரன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவான். அந்தக் கடைக்காரர் கையில் சரக்கே இல்லை. மூணு போனும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததால் கம்பெனிகளுக்கும் தனித்துக் காட்ட ஒன்றும் இல்லை. 2017-ல் அதே பெயர் ஷாவோமி எம்ஐ ஏ1-ல் திரும்பி வந்தபோது விலை 14,999. கடைமடைக்கு வெட்டின வாய்க்கால் மேட்டுப் பக்கம் திரும்பிப் போச்சு.

"போட்டி இருக்கு, போட்டி எல்லாத்தையும் சரி பண்ணிடும்" என்பார்கள் படித்தவர்கள். பாதி உண்மை. ஐபோன் வருஷக்கணக்கில் உழைப்பதைக் காட்டிக் காட்டி விற்றதால்தான் 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8-க்கு ஏழு வருஷம் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கு அதே ஏழு வருஷம் சொன்னது. அப்புறம் ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம் என்றது. அது இருபதாயிரத்துக்குக் கீழே உள்ள போன். அந்த அளவுக்குப் போட்டி நல்லது செய்திருக்கிறது, மறுக்கவில்லை.

அதற்குக் கீழே வந்தால் போட்டி வேறு விஷயத்தில் நடக்கிறது. கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு, கலர் என்ன. அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துத்தான் ஜனங்கள் ஒப்பிட முடியும். அப்டேட் எத்தனை நாளைக்கு என்று பெட்டியில் எழுதாதபோது அதில் போட்டி எப்படி வரும்? இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்ட் விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் செயலிகளைப் போன் கம்பெனிகள் மேல் திணித்தது மாதிரியான விஷயங்களுக்காக. பெரிய தீர்ப்புதான். மலிவுப் போனுக்கு அப்டேட் எத்தனை வருஷம் என்ற கேள்வி அந்த வழக்கில் இல்லை.

அப்டேட் வராவிட்டால் என்ன குடி முழுகிப் போகுமா என்று கேட்கலாம். 2015-ல் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே அடுத்தவன் போனுக்குள் நுழையலாம். சுமார் 95 கோடி போன்களுக்கு ஆபத்து என்று கண்டுபிடித்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் மாசா மாசம் பாதுகாப்பு அப்டேட் என்கிற வழக்கத்தை ஆண்ட்ராய்டில் கொண்டு வந்தாங்க. திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்க பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஒரு பூட்டுக்குக் கள்ளச்சாவி ஊர் பூராம் பரவிடுச்சு என்று தெரிந்தால் பூட்டை மாத்துவோம். அப்டேட் நின்ற போன் என்பது, கள்ளச்சாவி வெளியே இருக்கிறது என்று தெரிந்தும் மாத்த முடியாத பூட்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அடிக்கடி ஆண்ட்ராய்ட் எச்சரிக்கை விடுகிறது. கம்பெனி அப்டேட் கொடுத்ததும் போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் அதில் சொல்கிற மருந்து. கொடுக்காவிட்டால்?

பிஎம் கிசான் பேரைச் சொல்லி வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு அனுப்பிக் காசைத் திருடுகிற கூட்டம் இருப்பது உங்களுக்கும் தெரியும். அதைத் தொட்டுப் பதிவிறக்குவது நம்ம ஆள்தான், அப்டேட் ஒன்றே அதைத் தடுத்துவிடாது. ஆனாலும் ஆண்ட்ராய்ட் 13-லிருந்து, வெளியிலிருந்து வந்த இந்த மாதிரிச் செயலிகள் திரையைப் படிக்கிற அனுமதியைச் சுலபமாக வாங்க முடியாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். பழைய போனில் அந்தத் தடை கிடையாது.

அதோடு, பழைய போனை வெளியே தள்ளுகிற வேலையும் நடக்கிறது. 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்ட் 5-க்குக் கீழே வாட்ஸப் இல்லை. 2025 மே முதல், ஆண்ட்ராய்ட் 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில், கடைசி ஒரு வருஷத்துக்குள் பாதுகாப்பு அப்டேட் வாங்கியிருந்தால்தான் கூகுள் தன் உயர்ந்தபட்ச நம்பிக்கைச் சான்றைச் செயலிகளுக்குக் கொடுக்கிறது. அந்தச் சான்றைக் கேட்பதா வேண்டாமா என்பது செயலிக்காரர்கள் இஷ்டம். பாதுகாப்புக்காகச் செய்வது சரிதான். ஆனால் அப்டேட் கொடுக்காதவன் ஒருத்தன், கதவு சாத்தப்படுவது இன்னொருத்தனுக்கு.

"அப்டேட் போட்டா போன் மந்தமாயிடும்" என்று எங்க ஊரிலும் சொல்லுவாங்க. அதிலும் உண்மை உண்டு. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததற்கு 2017 டிசம்பரில் ஆப்பிளே மன்னிப்புக் கேட்டது. 2018-ல் இத்தாலி இந்த விவகாரத்தில் ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் போட்டது. நான் கேட்பது புதுப்புது அலங்காரத்தை இல்லை. ஆண்ட்ராய்ட் நம்பர் மாறாவிட்டாலும் பரவாயில்லை. பூட்டைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும், அதைத் தனியாகக் கொடுக்க முடியும்.

இதற்கு வழி எங்க வயலிலேயே இருக்கிறது. விதை வாங்கினால் பையில் அட்டை இருக்கும். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை. பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்கிற தேதி ரெண்டும் அதில் இருக்கணும். 1966-லிருந்து விதைச் சட்டம் இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவில் காலாவதித் தேதி இல்லாமல் விற்றால் கடைக்காரர் மேல் வழக்கு வரும். ஐம்பது ரூபாய் விதைப் பொட்டலத்துக்கு உள்ள மரியாதை பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்கு இல்லை.

வெளிநாட்டில் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தது எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று கம்பெனி வெளிப்படையாகச் சொல்லியாகணும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் வந்த விதி, அந்த மாடலை விற்பனைக்கு விடுவது நின்ற நாளிலிருந்து ஐந்து வருஷம் என்று கணக்கு வைக்கிறது. அதிலும் சந்து பொந்து இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதுதான். இங்கே கம்பெனிகள் பெரும்பாலும் மாடல் அறிமுகமான நாளிலிருந்து எண்ணுகின்றன. ஒன்றரை வருஷம் கழித்து ஆடித் தள்ளுபடியில் வாங்குகிறவனுக்குப் பாதிக் காலம் வாங்கும்போதே போயிருக்கும்.

நம்ம மத்திய நுகர்வோர் துறை அமைத்த குழு, பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கையை 2025-ல் கொடுத்தது. அதில் மென்பொருள் அப்டேட்டும் ஒரு அம்சம். நல்ல ஆரம்பம். மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், "பாதுகாப்பு அப்டேட் இந்தத் தேதி வரை" என்று பெட்டி மேலேயே தமிழில் அச்சடிக்க வைக்கணும். அரசாங்கமும் ஒரு செயலியைக் கட்டாயமாக்கினால், அது எவ்வளவு பழைய போன் வரைக்கும் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லணும். முடியாதவர்களுக்குக் காகித வழியையும் மூடாமல் வைக்கணும்.

அதுவரைக்கும் உங்ககிட்ட ஒன்று கேட்கிறேன். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பழைய போனைக் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் போய் 'பாதுகாப்பு அப்டேட்' என்ற இடத்தில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேலே பழசா இருந்தால், பாட்டுக் கேட்கவும் பேரப்பிள்ளை முகம் பார்க்கவும் அதைக் கொடுங்க. வங்கிக் கணக்கும் ஓடிபியும் இருக்கிற சிம்மை அதில் போடாதீங்க. புதுசா வாங்கித் தருவதாக இருந்தால் கடைக்காரரிடம் மெகாபிக்சலுக்கு முன்னாடி, "இதுக்கு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும்ணே?" என்று கேளுங்க. பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனிக்காரனிடம் கேட்பார்.