ஒரு திருமண நாளும் ஓர் இசைத்தட்டும்

ராக் இசையின் நாட்காட்டியில் சில ஆண்டுகளாகப் பொன்விழாக்கள் ஓய்வதே இல்லை. பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ 2017இல் ஐம்பதைத் தொட்டது. கிங் கிரிம்சனின் முதல் தொகுப்பு 2019இல். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ 2023இல். ஒவ்வொரு முறையும் புதிய ஒலிக்கலவை வருகிறது, கனத்த பெட்டி வருகிறது, பத்திரிகைகளில் நீண்ட கட்டுரைகள் வருகின்றன. ஆண்டு திரும்பியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. ராபர்ட் வயட்டின் ‘ராக் பாட்டம்’ தொகுப்புக்கும் 2024 ஜூலை 26இல் ஐம்பது வயது நிறைந்தது. அந்த முழு எண் கடந்துபோய்விட்ட பிறகு அதைப் பற்றி எழுதுகிறோம். வேண்டுமென்றேதான். விழா முடிந்த வீட்டில்தான் நிதானமாக உட்கார்ந்து பேச முடிகிறது.

அந்தத் தேதியிலிருந்தே தொடங்கலாம். ஓர் இசைத்தட்டு வெளியாகும் நாள் என்பது பெரும்பாலும் நிறுவனம் தன் விற்பனை வசதிக்காகக் குறிக்கும் நாள். பாட்டு பிறந்த நாளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ‘ராக் பாட்டம்’ இதற்கு விதிவிலக்கு. 1974 ஜூலை 26, வெள்ளிக்கிழமை, வர்ஜின் நிறுவனம் அந்தத் தட்டை வெளியிட்டது. அதே நாளில் வயட்டும், ஆல்ஃபி என்று அழைக்கப்பட்ட ஆல்ஃப்ரீடா பெஞ்சும் திருமணம் செய்துகொண்டார்கள். ஆண்டுதோறும் அந்தத் தொகுப்பைக் கொண்டாடுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு தம்பதியின் மணநாளையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். ஆனால் நினைவுக் கட்டுரைகளில் முதலில் வந்து நிற்பது வேறொரு தேதி.

1973 ஜூன் 1. லண்டனின் மைடா வேல் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்து. நிறையக் குடித்திருந்த வயட் மேல்மாடிச் சன்னலிலிருந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இயக்கம் நின்றுபோனது. அப்போது அவருக்கு வயது 28. சாஃப்ட் மெஷின் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். 1968இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றியவர். 1971இல் அக்குழுவிலிருந்து விலகி, மேட்சிங் மோல் என்ற தன் சொந்தக் குழுவை அமைத்தவர். கைகளும் கால்களும் சேர்ந்து இயங்கினால்தான் டிரம்ஸ். ஆகவே கதை தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது: விழுந்தார், எழுந்தார், அந்த வேதனையிலிருந்து ஒரு மகத்தான படைப்பு பிறந்தது. ‘அடிமட்டம்’ என்று பொருள்படும் தொகுப்பின் தலைப்பும் அதற்குத் தோதாக இருக்கிறது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது, காலவரிசை மட்டும் உதைக்கிறது. அந்தப் பாடல்களில் பெரும்பகுதி விபத்துக்கு முன்பே உருவானவை. 1972–73 குளிர்காலத்தில் நிக்கலஸ் ரோகின் ‘டோன்ட் லுக் நௌ’ படப்பிடிப்பு வெனிஸ் நகரில் நடந்தது. ஆல்ஃபி அதில் வேலை செய்தார். வேலை ஏதுமின்றி உடன் போயிருந்த வயட்டின் பொழுதுபோக்குக்காக, விலை மலிவான ஒரு சின்ன கீபோர்டை வாங்கித் தந்தார். அதன் ஒலியில் ஒரு நடுக்கம் உண்டு. தொகுப்பின் முதல் பாடலான ‘சீ சாங்’ தொடங்கும்போதே அந்த நடுக்கம் காதில் படும். கால்வாய் நீர் சூழ்ந்த நகரத்தில், காதலியைக் கடலுயிராக நினைத்து எழுதிய பாடல் அது. மேட்சிங் மோல் குழுவைப் புதிய ஆட்களோடு திரும்பத் தொடங்கி, அதில் இவற்றை வாசிப்பதுதான் திட்டம். அதற்குள் ஜூன் 1 வந்துவிட்டது.

அப்படியானால் விபத்து எதையும் மாற்றவில்லையா? மாற்றியது, பாடல்களின் பொருளை விட அவற்றின் உடலை. முதுகெலும்புக் காயங்களுக்குப் பேர்பெற்ற ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் வயட் மாதக்கணக்கில் கிடந்தார். பார்வையாளர் அறையில் ஒரு பழைய பியானோ இருந்தது. சக்கர நாற்காலியில் அங்கே போய்ப் பாடல்களைத் தொடர்ந்து செதுக்கினார். மேடையேறிச் சுற்றும் குழு இனி சாத்தியமில்லை என்றானதால், எந்தப் பாட்டுக்கு எவர் பொருத்தமோ அவரை மட்டும் அழைக்கும் விடுதலை கிடைத்தது. 1974இன் தொடக்கத்தில் வில்ட்ஷயரில் லிட்டில் பெட்வின் என்ற ஊரில், டெல்ஃபினா என்ற தோழியின் பண்ணையில் ஒலிப்பதிவு. வயலில் நிறுத்திய வண்டிக்குள் பதிவுக் கருவிகள். தட்டின் பின்னட்டையில் வயட் வாசித்தவற்றின் பட்டியலைப் படித்தால் மனம் நெகிழும். டெல்ஃபினாவின் ஒயின் கோப்பை, தட்டு, ஒரு குழந்தையின் டிரம் என்று போகிறது அது. ஆறு பாடல்களில் இரண்டில்தான் முழு டிரம்ஸ் ஒலிக்கிறது. அதையும் லாரி ஆலன் வாசித்திருக்கிறார். தாளம் வழக்கமான இடத்தில் இல்லாததால் பாட்டு மிதக்கிறது. பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்து பேசுகிறது. அந்த உயர்ந்த, மெல்லிய குரல் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலியாக நீளும்போது அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது.

தயாரிப்பாளராக அமர்ந்தவர் பிங்க் ஃபிளாய்டின் நிக் மேசன். இவரும் டிரம்மர்தான். அதற்கு முன், 1973 நவம்பர் 4 அன்று லண்டன் ரெயின்போ அரங்கில் பிங்க் ஃபிளாய்டும் சாஃப்ட் மெஷினும் வயட்டுக்கு நிதி திரட்ட ஒரே நாளில் இரண்டு காட்சிகள் வாசித்தார்கள். ‘டார்க் சைட்’ உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்த ஆண்டு அது. போட்டி, வழக்கு, பிரிவு என்றே நாம் படித்துப் பழகிய ராக் வரலாற்றில் இப்படிப்பட்ட பக்கங்களும் இருக்கின்றன. பொன்விழாக் கட்டுரைகள் இவற்றை ஒரு வரியில் தாண்டிச் செல்வது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய வருத்தம் ஆல்ஃபியைப் பற்றியது. முகப்பில் உள்ள பென்சில் சித்திரம் அவர் வரைந்தது. ஆடம்பர வண்ண அட்டைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அப்படி ஒரு வெளிறிய கோட்டோவியத்தைக் கொண்டுவரத் துணிச்சல் வேண்டும். இரண்டாம் பக்கத்தின் நெஞ்சு ‘அலிஃபிப்’, ‘அலைஃப்’ என்ற இரண்டு இணைந்த பாடல்கள். முதல் பாடலின் அடியில், மூச்சு வாங்குவதே தாளமாக, ஆல்ஃபியின் பெயரே முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே ஹியூ ஹாப்பரின் பேஸ். வயட் மழலைச் சொற்களில், தன் தேவைகளுக்கெல்லாம் அவளே களஞ்சியம் என்பதுபோல் பாடுகிறார். அடுத்த பாடலில் அதே சொற்கள் கலங்கி, கேரி விண்டோவின் பேஸ் கிளாரினெட்டோடு முட்டி மோதுகின்றன. முடிவில் ஆல்ஃபியே பேசுகிறார். நான் உன் களஞ்சியம் ஆக மாட்டேன் என்று மறுத்துச் சொல்கிறார். பாடப்பட்டவள் பாட்டுக்குள்ளேயே வந்து எதிர்ப்பேச்சுப் பேசுவது அந்தக் கால ராக் இசையில் எத்தனை அபூர்வம்! காதலிகளைத் தேவதையாகவும் மாயக்காரியாகவும் வரைந்து தள்ளிய காலம் அது. இந்த மறுப்பைத் தட்டில் அப்படியே விட்டுவைத்ததுதான், எங்கள் மதிப்பில், ‘ராக் பாட்டம்’ செய்த ஆகப்பெரிய காரியம். இருவரும் அதே ஆண்டு மணம் செய்துகொண்டதை இந்த உரையாடலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1974 செப்டம்பரில் வயட், நீல் டயமண்ட் எழுதிய ‘ஐ ஆம் எ பிலீவர்’ பாடலைப் பாடி வெளியிட்டார். அது பிரிட்டிஷ் பட்டியலில் 29ஆம் இடம் வரை ஏறியது. பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். சக்கர நாற்காலி குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது, வேறு இருக்கையில் உட்காருங்கள் என்றார் தயாரிப்பாளர். வயட் சண்டையிட்டு மறுத்தார். தன் நாற்காலியிலேயே இருந்து பாடினார். நாற்காலியைத் திரையிலிருந்து ஒளிக்க நினைத்த அந்தப் பார்வையும், இன்று நாற்காலியைத் தவிர வேறெதையும் பார்க்க மறுக்கும் அஞ்சலிக் கட்டுரைகளின் பார்வையும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டுக்கும் அந்த மனிதரின் காது தேவைப்படவில்லை. துயரத்தை வென்றவர் என்ற பட்டத்தைச் சூட்டிவிட்டால், ‘ராக் பாட்டம்’ தொகுப்பில் உள்ள ‘எ லாஸ்ட் ஸ்ட்ரா’ பாடலின் சுருதிப் பின்னல் என்ன, அந்தப் பியானோ ஏன் அப்படிச் சறுக்கிச் சறுக்கி இறங்குகிறது என்றெல்லாம் யாரும் கேட்க வேண்டியதில்லை. படைப்பைப் பற்றிய பேச்சு படைத்தவரின் நோய்க்குறிப்பாகச் சுருங்குவதை எந்த மொழியில் கண்டாலும் எதிர்ப்போம்.

இன்னொரு பெயர் பாக்கி இருக்கிறது. முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘லிட்டில் ரெட் ரைடிங் ஹூட் ஹிட் த ரோட்’ முழுவதும் டிரம்பெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொந்தளிக்கும். ஒரு கூட்டமே வாசிப்பதுபோல் இருக்கும். வாசித்தவர் ஒருவர்தான், மொங்கேசி ஃபேசா. தென்னாப்பிரிக்காவின் குவீன்ஸ்டவுனில் பிறந்தவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்க நிறவெறி அரசு இடம் தராத நாட்டில், அப்படி வாசித்த ‘புளூ நோட்ஸ்’ குழுவின் உறுப்பினர். 1964இல் அக்குழுவோடு பிரான்சுக்கு விழாவொன்றில் வாசிக்கப் போனவர் நாடு திரும்பவில்லை. 1975 டிசம்பர் 14 அன்று லண்டனில் நிமோனியாவால் இறந்தார். வயது 30. அவருடைய பெயரில் பெட்டியும் இல்லை, பொன்விழாவும் இல்லை. ஜூலை 26ஐக் குறித்துவைக்கும் வாசகர்கள் அதே நாட்காட்டியில் டிசம்பர் 14ஐயும் குறித்துவைக்கட்டும். வயட்டின் அடுத்த தொகுப்பான ‘ரூத் இஸ் ஸ்ட்ரேஞ்சர் தன் ரிச்சர்ட்’ 1975இல் வந்தது. அதில் ‘சோனியா’ என்றொரு பாட்டு இருக்கிறது, ஃபேசா இசையமைத்தது. அங்கிருந்து கிறிஸ் மெக்ரிகரின் ‘பிரதர்ஹுட் ஆஃப் பிரெத்’ குழுவின் பதிவுகளுக்குப் போகலாம்; அவற்றிலும் ஃபேசாவின் டிரம்பெட் இருக்கிறது.