நெட் மேல பழி போடாதீங்க மக்களே!

"சர்வர்ல புரோகிராம் ஓட்டினேன், ஒரு வரியும் வரல, நெட் ஊத்திக்கிச்சு!" கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

நெட் நல்லாத்தான் இருக்கு சாமி! எஸ்எஸ்எச் கூடவே கமாண்டையும் கொடுத்தா, அந்தப் பக்கம் டெர்மினல் கிடையாது. டெர்மினல் இல்லேன்னா சி புரோகிராம் வரிக்கு வரி அனுப்பாது. லினக்ஸ்ல வழக்கமா 4096 பைட் சேர்ற வரைக்கும் பஃபர்ல வச்சுக்கும்.

பொறுமையில்லாம கன்ட்ரோல்-சி அடிச்சா சாகறது உங்க பக்கத்து எஸ்எஸ்எச் மட்டும்தான். அங்கே புரோகிராம் பாட்டுக்கு ஓடும். நேத்து லேப் சர்வர்ல ஒரே புரோகிராம் நாலு தடவை! என் புராஜெக்ட் நகரவே இல்லை.

டெர்மினல் கேட்கிற 'மைனஸ் டி' ஆப்ஷனைப் போடுங்க. கன்ட்ரோல்-சியும் அங்கே போய்ச் சேரும். இல்லேன்னா கோடுல எஃப்ஃப்ளஷ் எழுதுங்க. அப்புறமும் வரலையா? தாராளமா நெட்டைத் திட்டுங்க.