வானொலிக்கு அழைப்பு எடுப்பதும் எமது உரிமை



சட்டம், நீதி என்று வானொலியில் ஒரு கலந்துரையாடல் தொடங்கினால் எமது ஊர்களில் பலரும் சொல்வது, "அது படிச்ச ஆக்கள்ட கத, நமக்கென்ன?" கிண்ணியாவிலும் கேட்கலாம், மூதூரிலும் கேட்கலாம். ஆனால் அந்தக் கதையில் பங்கெடுப்பது சாதாரண நேயரின் உரிமை என்று நாட்டின் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

1995 பெப்ரவரியில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் நடந்துவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி திடீரென்று நிறுத்தப்பட்டது. மனித உரிமை, சட்ட அறிவு, இன விவகாரம், அரசியல், சுகாதாரம் எல்லாம் அதில் பேசப்பட்டன. நேயர்களும் தொலைபேசியில் பங்குபற்றினார்கள். அப்படி வழக்கமாகப் பங்குபற்றிய ஒருவர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வழங்கிய தீர்ப்பு, நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் நேயர் என்ற வகையில் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டுள்ளது என்றது. சும்மா கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் கேள்வி கேட்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றம் அன்றே காட்டிவிட்டது. 1997இல் இன்னொரு வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.

இதை எமது வீட்டு விடயத்துக்குக் கொண்டு வருவோம்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எமது ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுகிறது. அதன்படி காதியாக ஆண் மட்டுமே வரலாம். விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை. காதியின் அனுமதியோடு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் விவாகம் பதிய இடமிருக்கிறது. இதைத் திருத்த ஆலோசனை சொல்லும்படி நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு போட்டார்கள். அறிக்கை 2018இல்தான் கையளிக்கப்பட்டது. ஒன்பது வருடம்! அன்று ஐந்தாம் தரத்தில் இருந்த பிள்ளை அதற்குள் உயர்தரமும் முடித்திருப்பாள்.

இந்த விடயம் வானொலிக்கு வந்தால் யார் பேசுகிறார்கள்? நாங்கள் கேட்டவற்றில் பெரும்பாலும் ஒரு சட்டத்தரணி, ஒரு மௌலவி, ஓர் அரசியல்வாதி. தாபரிப்புப் பணத்துக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காதி நீதிமன்றத்துக்கு மாதக்கணக்காக நடந்த பெண்ணின் குரலைக் காணோம்.

"வீட்டுப் பிரச்சினையை வெளியில் பேசினால் மற்றவர்கள் எங்களை ஏளனம் செய்வார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது சமூகம் பட்ட பாட்டை நினைத்தால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நாங்கள் வாய் மூடியிருந்தபோது யார் பேச வந்தார்கள்? 2021 ஒக்டோபரில் "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்று ஜனாதிபதி செயலணி அமைத்தார். அதன் தலைவர் ஞானசார தேரர். முதலில் நியமித்த 13 பேரில் ஒரு பெண்கூட இல்லை. எங்கள் கதையை நாங்கள் பேசாவிட்டால், எங்கள்மீது அன்பில்லாதவர்கள் பேசுவார்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிய விடயமில்லை. காதி விவகாரம் பேசும் நிகழ்ச்சியில், பாதிக்கப்பட்ட பெண்கள் பெயரும் ஊரும் சொல்லாமல் பேச இடம் கொடுங்கள். அதே மேசையில் ஒரு காதியும், ஓர் ஆலிமும், ஒரு பெண் சட்டத்தரணியும் இருக்கட்டும். இஷாவுக்குப் பிறகு, பெண்கள் அடுப்படி வேலை முடித்த நேரத்தில் தொலைபேசியைத் திறந்து விடுங்கள். சட்டத்தை எமது பேச்சுத் தமிழில் விளங்கப்படுத்துங்கள். காதியின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம் என்பதே எமது பெற்றோரில் பலருக்குத் தெரியாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் வானொலிக்கு அழைப்பு எடுத்தால் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளைப் பேச விடுங்கள். உம்மாமார் அன்றைக்குக் கேட்ட கேள்வியால் நாளைக்கு எமது மாணவியின் கையொப்பத்துக்கு இடம் கிடைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

ஜேர்மன் வானொலி திருகோணமலையில் அஞ்சல் நிலையம் வைத்துப் பல வருடங்கள் ஆசியாவுக்குப் பேசியது. எமது பெண்கள் எமது வானொலியில் ஒரு மணித்தியாலம் பேசினால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். சகோதரிகள் முதலில் சொல்லுங்கள்.